பவானி ஜமக்காளம், பத்தமடைப் பாய், சுங்குடித் திரை: எங்கள் கேரவனில் பதினான்கு மாதம்

பொறுமையாகப் படிக்க நேரமில்லாதவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டிக்குள் போஹோ பாணியில், அதாவது கலர் கலரான துணியும் நாரும் கயிறுமாக அலங்காரம் செய்ய நினைப்பவர்கள் பவானி ஜமக்காளத்தைத் தயங்காமல் வாங்கலாம். பத்தமடைப் பாயை எங்கே போடப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். சுங்குடிச் சேலையைத் திரையாக்கலாம், ஆனால் உள்ளே காடாத் துணி (வெளுக்காத கெட்டிப் பருத்தித் துணி) கொடுத்துத் தைக்க வேண்டும். ஆன்லைனில் 'போஹோ வேன் செட்' என்று ஒரே பெட்டியில் வருவதை வாங்கவே வேண்டாம். இனி விவரம்.

எங்களுடையது 2017 மாடல் டெம்போ டிராவலர். கோவையில் ஒரு குடும்பம் கேரவனாக வைத்திருந்ததை செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். ஆர்.சி.யிலேயே கேரவன் என்று பதிவாகியிருந்தது. இதைக் கவனித்து வாங்குங்கள். சாதாரண வேனை வாங்கி சீட்டைக் கழற்றிவிட்டுக் கட்டில் போட்டால், ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் இன்சூரன்ஸ் ஆபீசுக்கும் நடந்தே ஒரு வருடம் போய்விடும். வண்டி நல்ல வண்டி. ஆனால் உள்ளே ஏறினால் கிளினிக்குக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். வெள்ளை லேமினேட், வெள்ளை லைட், சாம்பல் நிற வினைல் தரை, பிளாஸ்டிக் வாசம். பின்னால் 6க்கு 4 அடியில் கட்டில், அதற்கு முன்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு, கதவுக்குப் பக்கத்தில் சின்ன சமையல் மேடை. அவ்வளவுதான் இடம்.

கல்லூரியில் படிக்கும் மகள்தான் போஹோ என்ற பெயரைச் சொன்னாள். கலர் கலராகத் துணி, ஒன்றின் மேல் ஒன்றாக விரிப்பு, கயிறு, நார், மரம், தாழ்வான இருக்கை, மஞ்சள் வெளிச்சம். அவள் காட்டிய படங்களைப் பார்த்ததும் எனக்கு அந்தியூரில் எங்கள் அம்மாயி (அம்மாவின் அம்மா) வீட்டுத் திண்ணைதான் ஞாபகத்துக்கு வந்தது. சிவப்பும் பச்சையும் பட்டை பட்டையாக ஜமக்காளம், அதன் மேல் இலவம் பஞ்சுத் தலையணை, உத்தரத்தில் தொங்கும் உறி. சொன்னேன். மகள் சிரித்துவிட்டு ஆன்லைனில் ஆர்டர் போட்டாள்.

அந்தப் பெட்டியைப் பற்றி இரண்டு வரி போதும். மண்டலா அச்சடித்த பாலியஸ்டர் துணி, பிளாஸ்டிக் இலைத் தோரணம், குஞ்சம் வைத்த திரை, ஒட்டிக்கொள்ளும் கொக்கிகள். 3,800 ரூபாய். சித்திரை வெயிலில் திருப்பூரில் வண்டியை ஒருநாள் வெளியே நிறுத்தியதில் பசை இளகி, கொக்கிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. பாலியஸ்டர் சூடேறி ஒரு மாதிரி வாடை வந்தது, அந்த வாடை ஒரு வாரம் போகவில்லை. அடுப்புக்கு இரண்டடி தள்ளி அந்தத் துணி தொங்குவதை என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, அன்றைக்கே கழற்றச் சொன்னார். அவர் சொன்னது சரி. பாலியஸ்டர் தீப்பிடித்தால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். வண்டியில் தப்பி ஓட ஒரே கதவு.

அப்போதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. வீட்டில் ஒரு பொருளை வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும். வண்டியில் அது குலுங்கும், காயும், நனையும், தூசி குடிக்கும். அதனால் எதை வாங்கினாலும் மூன்று கேள்வி கேட்க ஆரம்பித்தேன். உதற முடியுமா? சுருட்டி வைக்க முடியுமா? மேட்டில் பள்ளத்தில் சத்தம் போடாமல் இருக்குமா? மூன்றுக்கும் ஆமாம் என்று பதில் சொன்ன முதல் பொருள் ஜமக்காளம்.

பவானி ஊரில் காவிரியும் பவானி ஆறும் சேர்கிற கூடுதுறைக்கு நான் சின்ன வயதிலிருந்து போய் வருகிறேன். ஆனால் தறி வீட்டுக்குள் போனது இதுதான் முதல் தடவை. அதற்கு ஒரு காரணம் உண்டு. முதலில் மெயின் ரோட்டில் ஒரு கடையில் வாங்கி ஏமாந்தேன். பவானி ஜமக்காளம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வீட்டில் விரித்துப் பார்த்தால் கோடுகளுக்கு நடுவே, நீளவாட்டில் ஓடும் வெள்ளைப் பாவு நூல் பல்லைக் காட்டுகிறது. ஓரத்தை வெட்டி மடித்து மெஷினில் தைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் கலர் அடர்த்தி, மறுபக்கம் வெளிறல். எடையும் இல்லை. விசைத்தறியில் ஓட்டியது. ஜமக்காளத்தைக் கைத்தறியில்தான் நெய்ய வேண்டும் என்று 1985ஆம் ஆண்டு கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டமே சொல்கிறது, அதில் ஒதுக்கிய 11 ரகங்களில் இதுவும் ஒன்று. 2005-06லேயே புவிசார் குறியீடும் வாங்கிய பொருள். அத்தனை இருந்தும் அந்த ஊரிலேயே இப்படி விற்கிறார்கள் என்பது எனக்கு ரொம்ப வருத்தம்.

சரி, தறியிலேயே பார்த்து வாங்கிவிடலாம் என்று அத்தையைக் கூட்டிக்கொண்டு போனேன். தெருவில் நடந்தாலே எந்த வீட்டில் தறி ஓடுகிறது என்று சத்தத்தில் தெரிந்துவிடும். ஒரு வீட்டில் கணவனும் மனைவியும் ஒரே குழித்தறியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார்கள். அகலமான ஜமக்காளத்துக்கு ஓர் ஆள் கை எட்டாது. அந்த அண்ணன் குறுக்கு நூல் சுற்றிய ஓடத்தை வலப்பக்கத்திலிருந்து பாவுக்குள் தள்ளுகிறார், பாதி வழியில் அந்த அக்கா வாங்கி இடப்பக்கம் எடுக்கிறார், இருவரும் சேர்ந்து பலகையை இழுத்து அடிக்கிறார்கள். அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை, பேசுவதில்லை, ஆனால் கை தவறுவதே இல்லை. கோடு மாறும்போது மட்டும் அந்த அக்கா "பச்சை" என்றார். அண்ணன் ஓடத்தை மாற்றிக்கொண்டார். நாங்கள் அங்கே நின்ற அரை மணி நேரத்தில் ஒரு சாண் அளவுக்கு ஏறியிருக்கும்.

அத்தை குனிந்து துணியை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "நூலு தெரியாம அடிச்சிருக்காங்க பாரு கண்ணு, இதுதான்" என்றார். அடையாளம் இதுதான்: நல்ல ஜமக்காளத்தில் பாவு கண்ணுக்கே தெரியக் கூடாது. குறுக்கே ஓடும் தடித்த ஊடை நூல் நெருங்கி அடித்து, பாவை முழுக்க மூடியிருக்கும். இரண்டு ஓரத்திலும் ஊடை திரும்பி வந்த மடிப்பு இருக்கும், தையல் இருக்காது. இரண்டு முனையிலும் பாவு நூலை முடிந்து விட்டிருப்பார்கள். முன்பக்கம் பின்பக்கம் இரண்டும் ஒன்று போலவே இருக்கும்.

பருத்தி ரகம் வாங்கினேன். பெஞ்சுகளுக்கு இரண்டு, தரைக்கு ஒன்று, கட்டிலுக்கு 6க்கு 4 அடியில் ஒன்று. நான்கும் சேர்த்து 4,350 ரூபாய். அரக்குச் சிவப்பு, பாசிப் பச்சை, கறுப்பு, நடுவே ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சள். ஓரத்தில் பூவும் உருவமும் வைத்து, பட்டு மாதிரி மினுங்கும் செயற்கைப் பட்டு ரகமும் அங்கே உண்டு. பார்க்க அழகு, கல்யாண மேடைக்குப் பொருத்தம். ஆனால் வண்டிக்கு வேண்டாம். தோழியிடம் ஒன்று இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தேன், பெஞ்சிலிருந்து மீன் மாதிரி வழுக்கிக்கொண்டு இறங்குகிறது.

பருத்தி ஜமக்காளத்துக்குப் பரீட்சை வைத்தது வால்பாறை ரோடு. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. பெஞ்சில் போட்ட இரண்டும் அசையவில்லை, தடித்த பருத்தி ரெக்சின் மேல் நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. தரையில் போட்டது மட்டும் வினைலின் மேல் நகர்ந்து கதவோரம் சுருண்டுவிட்டது. காலில் தட்டினால் ஆபத்து. திரும்பி வந்ததும் அடியில் ரப்பர் வலை வாங்கிப் போட்டேன், மீட்டர் 120 ரூபாய். அதற்கப்புறம் இன்றுவரை நகரவில்லை. தரை விரிப்பு வாங்குகிறவர்கள் இந்த வலையையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

வால்பாறையில் ஒரு எஸ்டேட் தங்குமிட வளாகத்தில் அனுமதி கேட்டு வண்டியை நிறுத்தியிருந்தோம். மழை விடவே இல்லை. சேறும் காலுமாக மகளும் அவள் தோழிகளும் ஏறி இறங்கினார்கள். ராத்திரி சாப்பாட்டுக்குத் தரையில் வட்டமாக உட்கார்ந்தோம். அட்டை ஏறிவிட்டதா என்று ஆளுக்கு ஆள் காலைத் தடவிப் பார்த்துக்கொண்டே ரசம் சாதம் சாப்பிட்டது, வெளியே மழைச் சத்தம், உள்ளே சிவப்பும் பச்சையும். கிளினிக் மாதிரி இருந்த வண்டியா இது என்று எனக்கே ஆச்சரியம். காலையில் சேறு காய்ந்ததும் வெளியே எடுத்து நான்கு உதறு உதறினேன், போய்விட்டது. ஒரு சாம்பார்க் கறை மட்டும் நின்றது. திருப்பிப் போட்டேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் இரண்டு துவையலில் சிவப்பு சாயம் விடும். கல்லுப்பு போட்ட தண்ணீரில் தனியாக ஊறவைத்து அலசுங்கள், வேறு எதனோடும் போடாதீர்கள். நனைந்தால் ஒரு ஆள் தூக்க முடியாத கனம் வந்துவிடும். காய இரண்டு நாள் வெயில் வேண்டும். அதனால் பயணத்தில் துவைக்கிற பேச்சே கிடையாது. வண்டியில் வாஷிங் மெஷின் துவையலையே நம்பியிருப்பவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள். புதிதில் கொஞ்சம் சொரசொரப்பு இருக்கும். நான்கைந்து மாதம் உட்கார்ந்து உட்கார்ந்து பழகியதும் மெத்தென்று ஆகிவிடும்.

அடுத்தது பத்தமடைப் பாய். திருநெல்வேலிப் பக்கம் போனபோது சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் இருக்கிற பத்தமடைக்குப் போய் வாங்கினோம். தாமிரபரணிக் கரைக் கோரையை ஊறவைத்து, கீறி, காயவைத்து, சாயம் ஏற்றிப் பின்னுகிறார்கள். பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்களின் கைத்தொழில். மெல்லிய ரகத்தைப் பட்டுப்பாய் என்கிறார்கள், கையில் எடுத்தால் துணி மாதிரி குழையும். மணமக்கள் பெயரைச் சேர்த்துப் பின்னித் தரும் கல்யாணப் பாயும் இங்கேதான் பிரபலம். பட்டுப்பாய் விலை அதிகம், கொடுக்கத் தகுந்த விலைதான். ஆனால் வண்டிக்குப் போடுவதற்கு எனக்கு மனசு வரவில்லை. அரக்கு ஓரம் வைத்த நடுத்தர ரகத்தில் 6க்கு 3 அடியில் இரண்டு எடுத்தேன், ஒன்று 1,400.

தரைக்கு அல்ல, கூரைக்கு. கட்டிலில் படுத்தால் கண்ணுக்கு நேரே தெரிகிற அந்த வெள்ளை பிளைவுட்டை மறைக்க வேண்டும் என்பது என் ரொம்ப நாள் ஆசை. ஆசாரி அண்ணன் வந்தார். பாயின் நீளத்தை வண்டியின் நீளவாட்டில் வைத்து, மெல்லிய மரச்சட்டமான ரீப்பர் அடித்தார். பார்க்கச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் வண்டியின் கூரை நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் வளைந்து இறங்குகிறது. மறுநாள் காலையில் பார்த்தால் பாய் நிமிர்ந்து, ஓரத்து ரீப்பரைத் தள்ளிக்கொண்டு தொங்குகிறது. இன்னும் இரண்டு ஸ்குரூ போட்டு இறுக்கினார். கோரை படபடவென்று நாலைந்து இடத்தில் ஒடிந்தது.

அத்தை வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஏப்பா, பாயை எந்தப் பக்கம் சுருட்டுவமோ அந்தப் பக்கந்தான் அது வளையும். குறுக்கே சுருட்டினா ஒடியத்தான் செய்யும்" என்றார். ஆசாரி அண்ணன் ஒரு நிமிடம் பாயையே பார்த்தார். கழற்றினார். கோரை பாயின் அகலவாட்டில் ஓடுகிறது, நீளவாட்டில் ஓடுவது பருத்தி நூல். நூல் வளையும், கோரை வளையாது. பாயின் நீளத்தை வண்டியின் குறுக்கே திருப்பி வைத்தார். கூரையின் வளைவோடு பாய் அப்படியே படிந்து, இரண்டு பக்கச் சுவரிலும் நாலு விரல் இறங்கி உட்கார்ந்தது. இரண்டு பாயும் பக்கத்தில் பக்கத்தில் போட்டதும் கட்டிலுக்கு மேல் முழுக்க மூடிவிட்டது. அளவெடுத்துச் செய்தது மாதிரி. பாய்க்குள் ஆணியோ ஸ்குரூவோ அடிக்கவில்லை. ஓரத்தை மட்டும் தேக்கு ரீப்பர் அழுத்திப் பிடித்திருக்கிறது.

ஓட ஆரம்பித்ததும் ரீப்பரும் கோரையும் உரசி ஒரு கீச்சுச் சத்தம் வந்தது. ரீப்பருக்கு அடியில் காடாத் துணியை நாடாவாகக் கிழித்து வைத்ததும் நின்றது.

படுத்துக்கொண்டு மேலே பார்த்தால் கிடைக்கிற சுகத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. விடிகாலை வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது கோரை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். கொஞ்சம் பச்சை, கொஞ்சம் வைக்கோல் நிறம். மழை பெய்தால் தகரக் கூரையின் சத்தமும் முன்பைவிட அடங்கித்தான் கேட்கிறது. ஆனால் பராமரிப்பு உண்டு. கோடையில் மூடிய வண்டிக்குள் ஏறுகிற சூட்டில் கோரை காய்ந்து நொறுங்கப் பார்க்கும். வாரம் ஒருமுறை ஈரத் துணியால் துடைத்துவிட வேண்டும். மலைக்குப் போய்விட்டு வந்தால் எதிர்க்கவலை, பூஞ்சணம். ஊட்டியிலிருந்து வந்த பிறகு ஒரு மூலையில் கறுப்புப் புள்ளிகள் பார்த்தேன். வினிகர் தொட்டுத் துடைத்து, இரண்டு நாள் கதவைத் திறந்து போட்டதும் போனது. இந்த வேலைக்கு நேரமில்லை என்பவர்கள் கூரைக்குப் பாய் வேண்டாம். தரைக்கும் வேண்டாம்: செருப்புக் காலும் மணலும் ஒரே மாதத்தில் தின்றுவிடும்.

ஊட்டியைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். துணி அலங்காரம் செய்கிற யாரும் ஈரத்தைப் பற்றிப் பேசுவதில்லை, ஆனால் அதுதான் பெரிய விஷயம். டிசம்பரில் எல்லா ஜன்னலையும் இறுக்கி மூடிக்கொண்டு மூன்று பேர் தூங்கினோம். காலையில் கண்ணாடியிலிருந்து தண்ணீர் வழிகிறது, திரையின் கீழ்விளிம்பு பிழிந்தால் சொட்டுகிறது. எல்லாம் எங்கள் மூச்சுக் காற்றுதான். அதிலிருந்து எவ்வளவு குளிரானாலும் ஒரு ஜன்னலை இரண்டு விரல் திறந்துவைத்து, கூரை ஃபேனைக் குறைந்த வேகத்தில் ஓடவிடுகிறோம். கட்டில் பலகையைக் கழற்றிவிட்டு இடைவெளி விட்டு மரச்சட்டம் அடித்தோம். மேலே தேங்காய் நார் மெத்தை. முன்பிருந்த ஃபோம் மெத்தையைத் தூக்கியபோது அடிப்பக்கம் முழுக்கப் பூஞ்சணம். அதன் மேல்தான் இத்தனை நாள் படுத்திருக்கிறோம் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. தலையணைகளுக்கு போடி இலவம் பஞ்சு. வெயிலில் ஒருமணி நேரம் போட்டால் உப்பிக்கொண்டு வந்துவிடும்.

அந்த ஊட்டிப் பயணத்தில்தான் நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் பூத்தையல் போட்ட ஒரு குஷன் உறை வாங்கினோம். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும். துணியில் படம் எதுவும் வரைந்துகொள்ளாமல், நூலை எண்ணி எண்ணியே போடுகிறார்கள். வண்டியிலேயே விலை உயர்ந்த துணி அதுதான், 1,800. ஓடும்போது உறையைக் கழற்றி டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு, நிறுத்தியதும் போடுகிறேன்.

திரைக்கு மதுரைச் சுங்குடி. இரண்டு சேலை, ஒன்று அரக்கு, ஒன்று அவுரி நீலம். கையால் முடிச்சிட்டுச் சாயம் தோய்த்த அசல் சுங்குடியை வெட்டித் திரையாக்க யாருக்கும் மனசு வராது. நான் வாங்கியது அச்சுப் புள்ளி வைத்தது, ஒன்று 750. அசல் எது அச்சு எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டே வாங்கினேன், அதில் வருத்தமில்லை. ஒரு சேலை ஐந்தரை மீட்டர், ஒரு பக்கத்து ஜன்னல்கள் எல்லாவற்றுக்கும் சுருக்கம் வைத்துத் தைக்கப் போதும். வீட்டு ஜன்னலுக்குப் போடுவோமே, அதே ஸ்பிரிங் கம்பிதான். ஆனால் வண்டியில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு போட வேண்டும். இல்லாவிட்டால் வளைவில் திரை பறந்து டிரைவர் கண்ணை மறைக்கும்.

தைத்த முதல் தடவை லைனிங் கொடுக்கவில்லை. பகலில் கோயில் பிரகாரம் மாதிரி வெளிச்சம் புள்ளி புள்ளியாக விழுந்தது, மகளுக்கு ரொம்பப் பிடித்தது. ராத்திரி பெட்ரோல் பங்கில் நிறுத்தியபோதுதான் தெரிந்தது, உள்ளே விளக்குப் போட்டால் வெளியே இருப்பவர்களுக்கு எங்கள் நிழல் அப்படியே தெரிகிறது. பெண்பிள்ளைகள் தூங்கும் வண்டியில் இது கூடாது. பல்லடத்தில் காடாத் துணி வாங்கி இரண்டு மடிப்பாக உள்ளே கொடுத்துத் தைத்தேன், 8 மீட்டர். இப்போது நிழல் தெரிவதில்லை, பகல் தூக்கத்துக்கும் இருட்டாக இருக்கிறது. வெயில் பக்கத்து அரக்கு ஏழு மாதத்தில் வெளுத்து ரோஸ் நிறத்துக்கு வந்துவிட்டது. நீலம் தாங்குகிறது. அடுத்த தடவை இரண்டும் நீலமே எடுப்பேன்.

தொங்கவிடும் கயிற்று வேலை முழுக்க அத்தையின் கைவண்ணம். கயிற்றை முடிச்சுப் போட்டே பின்னுகிற வேலை, மேக்ரமே என்று மகள் போனில் காட்டினாள். அத்தை கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வயர் கூடை முடிச்சுத்தானே" என்றார். முப்பது வருடமாக சிவன் கண் கூடையும் நெல்லிக்காய்க் கூடையும் போட்ட கை. 4 மில்லிமீட்டர் பருத்திக் கயிறு ஒரு கிலோ வாங்கிக் கொடுத்தேன். மூன்று நாளில் ஒரு பழக்கூடைத் தொங்கல், சமையல் மேடைக்கு மேலே கரண்டி மாட்டும் தொங்கல், கட்டிலோரம் போனும் கண்ணாடியும் போட்டுவைக்க ஒரு பை. எதிலுமே குஞ்சம் கிடையாது. "ஆடற வண்டியில குஞ்சம் எதுக்கு, சிக்குத்தான் விழும்" என்று சொல்லிவிட்டார். பழக்கூடைக்கு அடியிலும் ஒரு கயிறு விட்டு சுவர் வளையத்தில் கட்டும்படி செய்திருக்கிறார், அதனால் ஊசல் மாதிரி ஆடுவதில்லை. வாழைப்பழமும் எலுமிச்சையும் வால்பாறை வளைவிலேயே கீழே விழாமல் வந்தன. கடையில் 900 ரூபாய்க்குப் பார்த்த தொங்கலைவிட இது உறுதி.

விளக்கு: வெள்ளையை எடுத்துவிட்டு 2700 கெல்வின் மஞ்சள் எல்.இ.டி. பட்டை 5 மீட்டர். 24 வாட்ஸ், ராத்திரி நாலு மணி நேரம் எரிந்தாலும் 100 வாட் மணிக்குள்தான், எங்கள் 100 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரிக்கு அது ஒரு சுமையே இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை. 12 வோல்ட் பட்டையை நேராக வண்டி லைனில் கொடுக்காதீர்கள். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டுக்கு மேலே ஏறும். எங்களுக்கு முதல் பட்டை இரண்டே மாதத்தில் பாதி செத்துவிட்டது. நடுவில் 12 வோல்ட்டில் நிறுத்துகிற கன்வெர்ட்டர் 350 ரூபாய்தான். ஊதுபத்தி, மெழுகுவர்த்தி, அகல் எதுவும் வண்டிக்குள் ஏற்றுவதில்லை. இத்தனை பருத்தியும் கோரையும் கயிறும் இருக்கிற இடம். அடுப்பைச் சுற்றி மூன்றடிக்கு எந்தத் துணியும் இல்லை, அங்கே லேமினேட் வெள்ளையாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். தீயணைப்பான் கதவுக்குப் பக்கத்தில்.

மொத்தச் செலவு, ஆசாரி கூலி, மெத்தை, தையல் எல்லாம் சேர்த்து 31,000 ரூபாய்க்குள் வந்தது. துணி வகைக்கு மட்டும் என்றால் 10,000 பக்கம். அவசரமில்லாதவர்கள் தீபாவளித் தள்ளுபடிக்குக் காத்திருந்து கோ-ஆப்டெக்ஸில் படுக்கை விரிப்புகளை எடுத்துக்கொள்ளலாம், சென்னிமலை விரிப்பு இரண்டு நான் அப்படித்தான் எடுத்தேன். ஜமக்காளத்தை மட்டும் பவானிக்கே போய், தறி வீட்டிலோ நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலோ வாங்குங்கள். நிறம் சொல்லிவிட்டு வந்தால் நெய்து வைப்பார்கள். எனக்குப் பதினெட்டு நாள் ஆனது.

போன மாதம் ஒகேனக்கல்லிலிருந்து திரும்பும்போது அந்தத் தறி வீட்டுத் தெருமுனையில் வண்டியை நிறுத்தினோம். தன் கையால் நெய்தது எங்கே கிடக்கிறது என்று பார்க்க அந்த அக்கா ஏறி வந்தார். கூரையைப் பார்த்தார், திரையைத் தொட்டுப் பார்த்தார், ஆனால் அதற்கெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. பெஞ்சு ஜமக்காளத்தின் முனையை மட்டும் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்த்தார். "ஒரே பக்கமாப் போட்டு வெச்சிருக்கீங்க அம்மணி, சன்னலோரம் வெளுத்துட்டு வருது பாருங்க. அமாவாசைக்கு ஒருக்கா பெரட்டிப் போடுங்க, தலைமாட்டைக் கால்மாட்டுக்கு மாத்துங்க" என்று சொல்லிவிட்டு, எங்களை எழுந்திருக்கச் சொல்லி, நாலையும் தானே புரட்டிப் போட்டுவிட்டு இறங்கினார்.